ஹார்ட்டார் வீட்டுக் கல்யாணம்

ஜேர்மனியில் ஹார்ட் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று ஜேர்மன்காரரைக் கேட்டால் ஒருவர் விரலை மடக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார், இன்னொருவர் கையை விரிப்பார். எங்களைக் கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்லுவோம், ஏனென்றால் அந்த ஊர்கள் எல்லாவற்றிலும் நாங்கள் தேத்தண்ணீர் குடித்திருக்கிறோம், அதுவும் எண்பதுகளில், அகதியாக வந்தவன் தன் மாவட்டத்து எல்லைக்கு வெளியே ஓரடி வைப்பதென்றால் கந்தோரில் போய் அனுமதி கேட்டு நிற்கவேண்டும் என்று சட்டம் இருந்த காலத்தில். எப்படிக் குடித்தோம் என்று கேட்பீர்கள். அதற்குத் தவமலரின் கல்யாணத்தைச் சொல்லவேண்டும்.

தவமலர் வடக்கே ஒரு ஹார்ட்டில் இருந்த எங்கள் ஹைமில் தன் அண்ணன் இராசநாயகத்தோடு இருந்தாள். ஹைம் என்றால் அந்த மொழியில் வீடு என்று அர்த்தமாம், எங்களுக்கு அது அகதிகளைப் போட்டுவைத்த பழைய கட்டடம், ஓர் அறைக்கு நாலு கட்டில், சமைக்க எல்லோருக்கும் ஒரே குசினி. அவளுக்கும் குணபாலனுக்கும் யாழ்ப்பாணத்திலேயே கல்யாணப் பேச்சுக்கால் முடிந்திருந்தது. பிறகு சண்டை வந்தது, அவன் ஒரு வழியால் ஓடினான், அவள் அண்ணனோடு இன்னொரு வழியால் ஓடினாள், இரண்டு வழியும் ஜேர்மனியில்தான் வந்து முடிந்தன, ஆனால் ஜேர்மனி அவர்களைப் பிரித்து அவளை நாட்டின் வடக்கு மூலையிலும் அவனைத் தெற்கு மூலையிலும் கொண்டுபோய் இறக்கியது. அவனும் ஹார்ட்டில்தான் இருக்கிறான் என்ற செய்தி தொலைபேசியில் வந்த அன்று, "அண்ணை, அவரும் ஹார்ட்டிலயாம்!" என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள், பஸ் சாரதியிடம் தமிழர் இருக்கும் மற்ற வீடு எது என்று கேட்டாள், அவர் விஷயத்தை விளங்கிக்கொண்டு அது வேறு ஹார்ட், ரயிலில் போனால் ஒரு முழுப்பகல் வேண்டும் என்று சொன்னார். அவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இருக்கும் வாங்கிலேயே இருந்து அழுதாள். சாரதி நல்ல மனிதர், பஸ்ஸைக் கொஞ்சம் பிந்தி எடுத்தார்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குப் பெயர் வைப்பது வீட்டுக்காரன் இல்லை, அயலட்டைதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகன் சிங்கப்பூர் போனால் அது சிங்கப்பூரார் வீடு, மருமகன் கொழும்பில் கடை போட்டால் கொழும்பார் வீடு. தவமலரின் தாய் அன்னமுத்து அங்கே தன் ஆடுகளோடு தனியாக இருந்தார். ஆடுகளை விட்டுவிட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்ட மனுசி. பிள்ளைகள் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஹார்ட்டில" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த ஒழுங்கை முழுவதும் அவருடைய வீட்டை ஹார்ட்டார் வீடு என்றே கூப்பிடத் தொடங்கியதாம். கொழும்பில் இருந்து தொலைபேசியில் இதைச் சொன்ன உறவுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம், பிறகு மறந்துவிட்டோம்.

கல்யாணத்துக்காக எல்லை தாண்டிப் போக இராசநாயகம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. திரும்பவும் கேட்டார், திரும்பவும் கிடைக்கவில்லை. கந்தோரில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் கெஸ்லர் என்ற அதிகாரி. "திருமணம் அவசரத் தேவை அல்ல" என்று அவர் சொன்னபோது தவமலர், "உங்களுக்கு அது எப்படித் தெரியும்?" என்று தான் பழகிய ஜேர்மனில் கேட்டுவிட்டாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் எதையும் முடிவு வரை போய்ப் பார்க்காமல் விடாத பிறவி. ஒருமுறை எங்கள் ஹைமில் நெடி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வந்து, அறை அறையாக மோப்பம் பிடித்துக்கொண்டு போய், கடைசியில் மிளகாய்த்தூள் வறுத்துக்கொண்டிருந்த சட்டிக்குள்ளேயே மூக்கை விட்டு, தும்மிக்கொண்டே காருக்குப் போனவர். அனுமதியில்லாமல் போய்ப் பிடிபட்டால் அகதி வழக்கே கெட்டுப்போகும், எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் நாங்கள் ஒருவரும் எல்லையைத் தொடவில்லை.

இந்த நிலையில்தான் ஆனி மாதத்தோடு குணபாலனின் ஹைமை மூடப்போகிறார்கள், அங்கே இருப்பவர்களை வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எந்த ஊர் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனி போனால் ஆடி, ஆடியில் கல்யாணம் இல்லை, ஆடி போனால் மாப்பிள்ளை எங்கே என்று தேடவேண்டும். இராசநாயகம் ஒரு பகல் முழுக்க யன்னலோடு நின்று யோசித்துவிட்டு, ஆனியிலேயே நாள் வைத்தார்.

"என்னெண்டு அண்ணை? அவர் வரேலாது, நான் போகேலாது, நாள் வைச்சு என்ன செய்யிறது?" என்று தவமலர் கேட்டாள்.

"செய்யிறதை முறையாச் செய்வம். பொன்னுருக்குவம், கன்னிக்கால் ஊண்டுவம். மிச்சம் தானா வரும்."

"முள்முருக்குக்கு எங்க போறது?"

"இஞ்ச எந்த மரம் நிக்குதோ அதுதான் எங்களுக்கு முள்முருக்கு," என்றார் இராசநாயகம். சட்டத்துக்குப் பயந்தவர்தான், ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் எவனுக்கும் மசியமாட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்குப் பொன் உருக்குகிற நாளிலேயே மாப்பிள்ளை வீட்டிலும் பொம்பிளை வீட்டிலும் முள்முருக்கந்தடி ஒன்றை வளவில் நட்டு, மஞ்சள் துணி கட்டி, நீரூற்றுவார்கள், அதுதான் கன்னிக்கால். அன்றிலிருந்து தாலி ஏறும் வரை மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது. எங்கள் ஹைமின் புல்தரையில் குழி தோண்டப் பொறுப்பாளர் விடவில்லை, தெற்கு ஹைமில் முற்றம் முழுக்கச் சீமெந்து. ஆகவே இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே பிழையைச் செய்தார்கள், வீட்டு வளவில் நடவேண்டிய காலை ஊரின் எல்லையில், காட்டோரமாக, ஹார்ட் என்று எழுதியிருந்த பெயர்ப்பலகைக்கு அடியில், ஓர் ஓக் மரக் கிளையாக நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். அன்னமுத்து அம்மாவுக்கும் நாளைச் சொல்லி அனுப்பியிருந்தோம். அவரும் நட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை நாங்கள் குசினியில் நிற்கும்போது பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்த காட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தமிழ்ப் பொடியன் வெறும் கிண்ணத்தோடு வந்து, "அண்ணை, கொஞ்சம் மிளகாய்த்தூள் இருக்கோ?" என்று கேட்டான். இருந்தது, கொடுத்தோம். அவன் போகத் திரும்பும்போதுதான் இராசநாயகம், "தம்பி எந்த ஹைம்?" என்று கேட்டார். அவன் தன் ஹைமின் பெயரைச் சொன்னான். அது குணபாலனின் ஹைம்.

இராசநாயகத்தின் முகம் வெளிறிவிட்டது. ஒரு முழுப்பகல் ரயில் தூரம் எப்படி ஒரு கிண்ணத்தோடு நடந்துவருகிற தூரமாகச் சுருங்கியது என்று அவர் கேட்கவேயில்லை, "ஐயோ, மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்திடுவாரே, பொன்னுருக்கியாச்சே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு, தன் புது வேட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி, பாதையின் நடுவில் இரண்டு ஓக் மரங்களுக்கு இடையே அதைத் திரையாகக் கட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டார். அன்று முதல் யாரும் போகலாம் வரலாம், கல்யாணப் பொம்பிளையும் மாப்பிள்ளையும் மட்டும் வேட்டியைத் தாண்டக்கூடாது என்று ஆயிற்று.

கிளை வெட்டியது யார் என்று விசாரிக்கக் காட்டதிகாரி இர்ம்கார்ட் அம்மா வந்தார், பெரிய சப்பாத்தும் பெரிய குரலுமாக. திட்டவேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு, பாதையையும் வேட்டியையும் அதற்கப்பால் கேட்ட தெற்கத்திப் பேச்சையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தவமலர் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்: ஹார்ட் என்றால் பழைய காலத்துப் பேச்சில் மலைக்காடு, ஊரார் எல்லோரும் தங்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டுபோய் மேய்க்கிற பொதுக்காடு, இப்போது அந்தச் சொல்லை யாரும் வாயால் பேசுவதில்லை, ஊர்ப்பெயர்களில் மட்டும்தான் அது உயிரோடு இருக்கிறது, சில இடங்களில் மலையுமில்லை காடுமில்லை, எப்போதோ வெட்டித் தின்றாயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது.

"அப்ப காடு ஒண்டுதான், பெயர்ப்பலகைதான் கனக்க," என்றாள் தவமலர் எங்களைப் பார்த்து.

அது உண்மை என்பது சில நாளிலேயே தெரிந்தது. பாதை பிரியும் இடங்களில் எந்தப் பக்கம் ஆட்கள் பேசும் சத்தம் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்பினால் அங்கே ஒரு ஹார்ட் இருந்தது. ஓரிடத்தில் மலையோ மரமோ கிடையாது, ஒரு சூப்பர்மார்க்கெட்டும் அதன் கார் நிறுத்துமிடமும் ஓரத்தில் இடுப்பளவு வேலிச்செடியும்தான். அந்த வேலிச்செடிக்குள்ளாகக் குனிந்து வெளியே வந்தால் அதுவும் ஹார்ட்தான், அங்கிருந்த ஹைமில் எங்களுக்கு ஓர் ஐயர் கிடைத்தார். ஐயர் கிடைத்த சந்தோஷத்தில் இராசநாயகம் வேலிச்செடிக்கே ஒரு கும்பிடு போட்டார்.

ஜேர்மன்காரர் முதலில் காட்டுப்பக்கம் போகாமல் வீட்டு யன்னலால் எட்டி எட்டிப் பார்த்தார்கள், பிறகு ஊருக்குப் பாண் சுட்டு விற்கிற வெதுப்பகக்கார அம்மா தெற்கு ஹார்ட்டில் கட்டிக்கொடுத்த தன் தங்கையைப் பார்க்க ஒரு கேக்கோடு போய்விட்டு மதியத்துக்குள் வந்ததும் எல்லோரும் போகத் தொடங்கினார்கள். வடக்காருக்குத் தெற்கத்தி இறைச்சிச்சாப்பாடு பிடித்துப்போனது, தெற்காருக்கு வடக்கத்தி மீன் பிடித்துப்போனது, பியர் விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஒரு சமாதானமும் வரவில்லை, உதைபந்தாட்டத்தில் ஒரே பெயருள்ள இரண்டு அணிகள் மோதி யார் வென்றது என்று எழுதமுடியாமல் போனது. பாதிரியார் இதைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவருடைய சைக்கிள் அடிக்கடி காட்டோரமாக நின்றது. ஒருவரும் வெளியே மூச்சு விடவில்லை, ஏனென்றால் கந்தோருக்குத் தெரிந்தால் பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பியும் அதற்குப் பக்கத்தில் ஒரு ஆளையும் போட்டுவிடுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் சொந்தக்காரர் இந்த இரகசியத்தைச் சேர்ந்து காத்தவர்கள்தான்.

பின்னேரங்களில் தவமலர் வேட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்குற்றியில் இருப்பாள், குணபாலன் அந்தப் பக்கம் இருப்பான். காவலுக்கு என்று போன நாங்கள் மரியாதையாகத் தள்ளி நிற்போம், ஆனால் காது என்ன செய்யும்.

"இருக்கிறீரோ?" என்று அவன் கேட்பான்.

"இருக்கிறன்."

"குரல் மாறிப்போச்சு உமக்கு."

"தடிமன்."

"எனக்கும்தான்."

அதற்கு இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிரிந்திருந்த வருசங்களைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள், குளிருக்கு எந்தச் சப்பாத்து நல்லது என்றுதான் கதைப்பார்கள். ஒருநாள் மட்டும் அவள் வேட்டியின் கரையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எல்லா ஹார்ட்டும் வருகுது. அம்மா மட்டும் வரமாட்டா. எனக்கு ஆர் கூறை உடுத்திவிடுறது? ஆர் தலை வாருறது?"

அவன் அந்தப் பக்கமிருந்து அதே இடத்தில் வேட்டியைப் பிடித்தான். எங்கள் ஊருக்குப் போகிற பாதை எங்கள் எல்லோருக்கும் மூடியிருந்தது, அந்த மூடலை நினைத்தால் எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்காது.

கல்யாண நாள் விடிந்தது. பெயர்ப்பலகைக்கு முன்னால் மணவறை கட்டினோம், வெதுப்பகக்கார அம்மா மேசைகள் கொடுத்தார், வாழைமரத்துக்குப் பதிலாக இர்ம்கார்ட் அம்மா இரண்டு இளம் மரங்களை வெட்டாமல் சட்டியோடு கொண்டுவந்து வாசலில் வைத்தார், நாதஸ்வரம் கசெட்டில் வாசித்தது. காட்டுக்குள்ளிருந்து ஐயர் வேலிச்செடி இலைகளைத் தலையில் இருந்து தட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேட்டிக்கு அந்தப் பக்கம் தட்டங்களோடு வந்து நிற்கிறார்கள் என்று ஆள் வந்து சொன்னான். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது, அதிலிருந்து கெஸ்லரும் ஒரு பொலிஸ்காரரும் இறங்கினார்கள்.

யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. கெஸ்லர் மணவறையைச் சுற்றி வந்தார், ஐயரைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் பார்த்தார், அதற்கடியில் நட்டிருந்த கிளையைக் குனிந்து பார்த்தார்.

"இவர் என் மாவட்டத்து ஆள் அல்ல. எப்படி வந்தார்?" என்று ஐயரைக் காட்டிக் கேட்டார்.

"நடந்து," என்றாள் தவமலர். கல்யாணச் சேலையோடு மணவறையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். "எல்லோரும் நடந்துதான் வருகிறார்கள்."

"அந்தப் பாதை எங்கே போகிறது?"

"ஹார்ட்டுக்கு."

"இது ஹார்ட். நான் கேட்பது அது எங்கே முடிகிறது என்று."

நாங்கள் ஆட்கள் பேசும் சத்தம் கேட்ட பக்கங்களுக்குப் போயிருக்கிறோம், தேத்தண்ணீர் குடித்திருக்கிறோம், பாதை முடிகிற இடம் வரை போகவேண்டும் என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. கெஸ்லருக்குத் தோன்றியது. "நான் திரும்பி வரும் வரை யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது" என்று பொலிஸ்காரரைப் பாதை வாயில் நிறுத்திவிட்டு, கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் குனிந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவால் வணக்கம் சொல்லாமல் போய்விட்டார். அவருடைய சப்பாத்துச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. இராசநாயகம் பொலிஸ்காரரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார், வெதுப்பகக்கார அம்மா அவரைத் திட்டினார், இர்ம்கார்ட் அம்மா காடு தன் பொறுப்பு என்று வாதாடினார். அந்த மனிதர் வேர்த்துக்கொண்டு, தனக்கு உத்தரவு அப்படி என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அக்கினியில் நெய் விடுவதுமாக இருந்தார். தவமலர் மணவறையில் அசையாமல் இருந்தாள். இன்று தவறினால் ஆடி, ஆடிக்குப் பிறகு பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊர், அங்கே எந்தக் காடும் போய்ச்சேராது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குணபாலன், "இருக்கிறீரோ?" என்று சத்தமாகக் கேட்டான், கல்யாண வீட்டில் அத்தனை பேருக்கும் கேட்க. அவளும் அத்தனை பேருக்கும் கேட்க, "இருக்கிறன்!" என்றாள்.

அப்போது காட்டுக்குள்ளே ஒரு தும்மல் கேட்டது.

வேட்டி விலகியது. முதலில் கெஸ்லர் வந்தார், கோட்டு இல்லை, கழுத்துப்பட்டி இல்லை, மூக்கு வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது, சப்பாத்தில் எங்கள் ஊர்ச் செம்மண், தலையில் ஒரு தகரப்பெட்டி. அவருக்குப் பின்னால், அவருடைய கோட்டைச் சேலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு, ஓக் இலைகளில் கால் வைத்து வைத்து, அன்னமுத்து அம்மா வந்தார்.

"முகூர்த்தம் தப்பேல்லையே?" என்று கேட்டார்.

தவமலர் எழுந்து ஓடிவந்த ஓட்டத்தில் மாலை அறுந்தது, தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள், இராசநாயகம் சடங்கையெல்லாம் மறந்து நிலத்தில் விழுந்து தாயின் காலைப் பிடித்தார். நாங்களும் அழுதோம், வெதுப்பகக்கார அம்மாவும் அழுதார். அழாமல் நின்றவர் அன்னமுத்து அம்மா ஒருவர்தான், மகளின் தலையைத் தடவி, "ஆரடி பிள்ளை உனக்குத் தலை வாரினது, இப்பிடியே வாருறது?" என்று கேட்டார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். நீங்கள் சொல்லி அனுப்பின நாளில் வளவில் முள்முருக்கு நட்டேன், தளிர்த்துவிட்டது, இன்றைக்குப் பலகாரம் சுட்டுப் பெட்டியில் அடுக்கி, கொடுத்துவிட ஆளில்லாமல் முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன், முருக்குக்குப் பின்னாலிருந்து இந்த மனுசன் வந்து நின்றார், ஆமிக்காரன் என்று நினைத்து ஆடுகளுக்கு நடுவில் ஒளித்தேன், அவர் நிலத்தைக் காட்டி "ஹார்ட்?" என்று கேட்டார்.

"ஓம், இதுதான் ஹார்ட்டார் வீடு எண்டு சொன்னன். அவர் அப்பிடியே வேலியோட குந்தியிட்டார். பாவம், தேத்தண்ணி குடுத்தன். பெட்டியைக் காட்டி, பிள்ளைக்குக் கல்யாணம் எண்டு அழுதன். அவருக்கு என்ன விளங்கிச்சோ, பெட்டியைத் தூக்கித் தலையில வைச்சார்."

பொலிஸ்காரர் மெதுவாகக் கெஸ்லரிடம் வந்தார். அனுமதியில்லாமல் எல்லை தாண்டியவர்கள் யார் யார் என்று கேட்டார். கெஸ்லர் தகரப்பெட்டியை ஐயருக்குப் பக்கத்தில் கவனமாக இறக்கி வைத்தார், தன் சப்பாத்தின் செம்மண்ணைப் பார்த்தார்.

"என் மாவட்டத்தை விட்டு நான் அனுமதி கேட்காமல் போய்விட்டேன்," என்றார். "நாட்டை விட்டும் போய்விட்டேன். கடலும் தாண்டினேன் என்று நினைக்கிறேன். பிடிப்பதானால் முதலில் என்னைப் பிடியுங்கள்."

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கெஸ்லர் தவமலரிடம் திரும்பி, "திருமணம் அவசரத் தேவைதான்," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னார், அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

வேட்டியை இராசநாயகமே அவிழ்த்தார். குணபாலன் மணவறைக்கு வந்தான். அன்னமுத்து அம்மா மகளை வெதுப்பகத்துக்குள் கூட்டிப்போய்த் தலையை அவிழ்த்துப் புதிதாக வாரி, கூறை உடுத்திக் கையைப் பிடித்துக் கொண்டுவந்தார். எல்லா ஹார்ட்டிலிருந்தும் வந்தவர்கள் அட்சதையோடு நின்றார்கள், கசெட் கெட்டிமேளத்தில் சிக்கிக்கொண்டு நிற்காமல் வாசித்தது, தாலி ஏறியது. கெஸ்லருக்கு முதல் பந்தியில் இடம் கொடுத்தோம். மிளகாய்க்குழம்பில் ஒரே தும்மலாகத் தும்மியவர், முடிவு வரை விடாமல் சாப்பிட்டார். குணபாலனின் பதிவை அடுத்த வாரமே எங்கள் ஹைமுக்கு மாற்றியதும் அவர்தான்.

பொழுது சாயும்போது அன்னமுத்து அம்மா வெறும் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, நில்லுங்கோ. அங்க ஷெல் அடிக்கிறாங்கள். இஞ்சயே இருங்கோ," என்று தவமலர் கையைப் பிடித்தாள்.

"ஆட்டுக்கு ஆர் குழை போடுறது?" என்று கேட்டார் அம்மா. பிறகு பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நின்று, கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "போயிட்டு வாறன்," என்றார்.

அந்தச் சொல்லை நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம், அவரவர் வீட்டு வாசல் படலையில் நின்று, அவரவர் தாயிடம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு; அதில் போனது மட்டும்தான் நடந்தது, எங்களில் ஒருவன்கூட வரவில்லை. அந்த மனுசி இலைகளில் கால் வைத்துக் காட்டுக்குள் போய் மறைந்தார். தவமலர் இருட்டும்வரை அங்கேயே நின்றாள், குணபாலன் பக்கத்தில் நின்றான்.

விடியற்காலையில் ஆடு கத்துகிற சத்தத்தில் ஹைம் முழுக்க விழித்துக்கொண்டது. அன்னமுத்து அம்மா வந்திருந்தார், எல்லா ஆடுகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு, இந்தக் காட்டில் நல்ல குழை இருக்கிறது என்று நேற்றே பார்த்து வைத்ததாகச் சொல்லிக்கொண்டு. முறைப்பாடு கேட்டு இர்ம்கார்ட் அம்மா பெரிய சப்பாத்தோடு ஓடிவந்தார். ஆடுகள் ஓக் மரங்களுக்கு அடியில் பரவி மேய்வதைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் பார்த்தார், அம்மாவுக்குப் பக்கத்தில் மரக்குற்றியில் அமர்ந்து தனக்கும் தேத்தண்ணீர் கேட்டார்.